கல்லூரி கிராஸ் கன்ட்ரி, டிராக் கோச் வேலை: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

வணக்கம் அண்ணா. மனைவிக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்த எச்-4 விசா. ஒஹையோ வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஊரில் எம்.பி.எட்., அப்புறம் பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) டிப்ளமோ. ஒன்பது வருடம் கல்லூரியில் பிசிகல் டைரக்டராக இருந்தேன். இங்கே கிராஸ் கன்ட்ரி (மேடுபள்ளத் தரையில் ஓடும் நெடுந்தூர ஓட்டம்), டிராக் (தடகளம்) கோச் வேலைக்கு நிறைய விளம்பரம் கண்ணில் படுகிறது. ஆகஸ்டு கடைசியிலிருந்து இருபது இடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஒருவர்கூட பதில் போடவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

தம்பி, பெரிய தப்பு ஒன்றும் இல்லை. கடை சாத்துகிற நேரத்தில் போய் நின்றிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஆள் மாறுவது ஜூன் முதல் ஆகஸ்டு வரை. ஜூனில் தேசியப் போட்டி முடிந்ததும் பெரிய கல்லூரியில் ஒருவர் விலகுவார், அந்த இடத்துக்கு நடுத்தரக் கல்லூரி ஆள் போவார், அவர் இடத்துக்கு இன்னொருவர். அந்தச் சங்கிலி அறுந்து கடைசியாக விழுகிற இடங்கள்தான் ஆகஸ்டில் தெரியும். அதிலும் பாதிக்கு ஆளை மனதில் வைத்துக்கொண்டு, விதிக்காக விளம்பரம் கொடுத்திருப்பார்கள். நான் பதினொரு வருடமாக மிட்வெஸ்டில் ஒரு சின்னக் கல்லூரியில் அசிஸ்டென்ட் கோச். எனக்கும் முதல் வருடம் இதே கதைதான்.

வேலையைப் பேசுவதற்கு முன்னால் விசா. உங்கள் மனைவிக்கு ஐ-140 (கம்பெனி போடும் கிரீன் கார்டு மனு) அங்கீகாரம் ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் நீங்கள் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். கையில் அட்டை வந்தால் எந்தக் கல்லூரியும் உங்களை மற்றவர்களைப் போலவே எடுத்துக்கொள்ளும். ஆகவில்லை என்றால் வேலை செய்யக் கூடாது. "சம்பளம் வேண்டாம், சும்மா போய் நிற்கிறேன்" என்பதும் பாதுகாப்பான வழி இல்லை. பொதுவாகச் சம்பளம் கொடுத்துச் செய்யவைக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அதை வேலை என்றே கணக்கு வைக்க வாய்ப்பு உண்டு. வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்குங்கள். டிவிஷன் 1 என்கிற உச்ச மட்டக் கல்லூரிகளில் 'வாலன்டியர் கோச்' என்று ஒரு பதவி இருந்தது, பலரும் அதன் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார்கள். 2023 ஜூலையோடு என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) அதை எடுத்துவிட்டது.

"கல்லூரியே எச்-1பி போடாதா?" என்று கேட்பீர்கள். எச்-1பிக்கு மற்ற கம்பெனிகளுக்கு உள்ள குலுக்கல் கல்லூரிகளுக்குக் கிடையாது, உண்மைதான். ஆனால் கோச் வேலைக்குப் பெரும்பாலும் "ஏதாவது ஒரு பட்டம்" என்றுதான் விளம்பரம் வரும். குறிப்பிட்ட படிப்பு கட்டாயம் தேவைப்படும் வேலை இது என்று குடியேற்றத் துறையிடம் நிரூபிப்பது கஷ்டம். 2025 செப்டம்பரில் புது எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டண அறிவிப்பு வந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கும் ஒரு கோச்சை வரவழைப்பதைச் சின்னக் கல்லூரி நினைத்தே பார்க்காது.

இ.ஏ.டி. இல்லை என்றால் என் கண்ணுக்குத் தெரிகிற நேர்வழி ஒன்றுதான்: எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறி, முதுகலை படித்துக்கொண்டே கிராஜுவேட் அசிஸ்டென்டாகச் சேருவது. படிப்புக் கட்டணத்தில் பாதியோ முழுதுமோ கழித்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள். பதிலுக்கு நீங்கள் அணியோடு வேலை செய்ய வேண்டும். கையில் எம்.பி.எட். வைத்துக்கொண்டு இன்னொரு முதுகலையா என்று மனது கசக்கும். எனக்கும் கசந்தது. ஆனால் இரண்டு வருடத்தில் உங்களுக்காகப் போனில் பேச நாலு உள்ளூர்க் கோச்சுகள் கிடைப்பார்கள். இங்கே விண்ணப்பத்தைவிட அந்தப் போன்தான் வேலை வாங்கித் தரும்.

சரி, சந்தை எப்படி இருக்கிறது? மேலே சுருங்குகிறது, கீழே ஆள் தேடுகிறார்கள்.

2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் பணம் கேட்டு என்.சி.ஏ.ஏ. மீது போட்ட 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதன்படி ஒரு பெரிய கல்லூரி முதல் வருடம் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்க ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும்தான் போகும். நம் பக்கம் வந்தது என்னவென்றால் எண்ணிக்கை வரம்பு: இந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் கிராஸ் கன்ட்ரிக்கு 17 பேர், டிராக்குக்கு 45 பேர். அதே மாதம் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம், தாண்டுதல் எறிதல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தொலைதூர ஓட்டத்தை மட்டும் முக்கியமாக வைத்துக்கொள்கிறோம் என்று அறிவித்தது. குண்டு எறிதல் கோச் அங்கே என்ன செய்வார்? 2020இல் பிரவுன், கிளெம்சன் பல்கலைக்கழகங்கள் ஆண்கள் டிராக்கையே எடுக்கப் பார்த்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கின. பட்ஜெட் இடித்தால் முதலில் கை வைக்கும் இடங்களில் நம்முடையதும் ஒன்று.

கீழே கதை வேறு. என்.சி.ஏ.ஏ.வின் கீழ் மட்டமான டிவிஷன் 3, என்.ஏ.ஐ.ஏ. (சின்னக் கல்லூரிகளின் தனி அமைப்பு) போன்றவற்றில் இருக்கும் சின்னத் தனியார் கல்லூரிகளுக்கு மாணவர் சேர்க்கையே மூச்சு. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆக, ஓட வருகிற பையன் கட்டணம் கட்டும் மாணவன். கோச்சுக்கு 'இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும்' என்று இலக்கு வைப்பார்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நேர்காணலில் நாற்பது நிமிடம் இன்டர்வல் பயிற்சி, லாக்டேட், வாராந்திர மைலேஜ் என்று பலகையில் படம் போட்டே விளக்கினேன். அத்லெடிக் டைரக்டர் (கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவர்) பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "அடுத்த ஆகஸ்டில் எத்தனை பேரைக் கொண்டு வருவீர்கள்?" என்னிடம் பதில் இல்லை. மார்க்கர் பேனாவை மூடிவைத்துவிட்டு வந்தேன்.

இதிலிருந்து வேலையின் லட்சணம் புரிந்திருக்கும். இலையுதிர் காலத்தில் கிராஸ் கன்ட்ரி, குளிரில் இன்டோர், வசந்தத்தில் அவுட்டோர் என்று மூன்று சீசனுக்கும் பெரும்பாலும் அதே கோச்சுகள்தான். மைதானத்தில் நிற்பது நாளுக்கு இரண்டு மணி நேரம். மிச்சமெல்லாம் பள்ளி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் போன், மெசேஜ், போட்டிக்குப் பெயர் பதிவு, ஓட்டல் முன்பதிவு. அக்டோபர் சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கு வேனை எடுக்க வேண்டும். ஓட்டுநர் நீங்கள்தான். பின்னால் பன்னிரண்டு பேர் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள். முன் சீட்டில் வாழைப்பழப் பெட்டி, பேகல் ரொட்டி மூட்டை, காலடியில் மடக்கிய கூடாரம். ஆகவே இன்றே செய்ய வேண்டியது ஓட்டுநர் உரிமம். அபராதச் சீட்டு இல்லாத ஓட்டுநர் ரெகார்டையும் கேட்பார்கள்.

நீங்கள் எனக்கு அனுப்பிய விண்ணப்பத்தைப் பார்த்தேன். புகைப்படம், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 'மாநில அளவில் தங்கம்' என்பது இங்கே யாருக்கும் எதையும் சொல்லாது. 'இந்த மாணவன் 800 மீட்டரில் 1:59இலிருந்து இரண்டு வருடத்தில் 1:52க்கு வந்தான்' என்று எழுதுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். என்.ஐ.எஸ். நம் ஊரில் எவ்வளவு பெரிய பெயர் என்று எனக்குத் தெரியும், இங்கே அதை ஒரு வரி விளக்கத்தோடு போட வேண்டும். பட்டங்களை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சரிபார்த்து வாங்கி வையுங்கள். யூ.எஸ்.ஏ.டி.எஃப். (அமெரிக்கத் தடகள அமைப்பு) தரும் லெவல் 1 ஒரு வார இறுதிப் பயிற்சிதான், உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது, ஆனாலும் போங்கள். பக்கத்தில் உட்காருகிறவர்கள் உள்ளூர்க் கோச்சுகள். அதோடு சேஃப்ஸ்போர்ட் (வீரர்களைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றிய பயிற்சி), சி.பி.ஆர். (உயிர்காக்கும் முதலுதவி) சான்றிதழும்.

இ.ஏ.டி. வந்துவிட்டால் கல்லூரிக்கு முன்னால் பக்கத்து உயர்நிலைப் பள்ளியைப் பாருங்கள். ஒரு சீசனுக்குச் சில ஆயிரம் டாலர்தான், பிழைப்புக்கு ஆகாது. ஆனால் அங்கே உங்களிடம் ஓடிய பிள்ளைகள்தான் கல்லூரிக் கோச் உங்களைத் தேடிப் போன் செய்யக் காரணமாவார்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். "எடையைக் குறைம்மா, நேரம் குறையும்" என்று நம் மைதானத்தில் சர்வசாதாரணமாகச் சொல்வோம். இங்கே அந்த வாக்கியத்தை வாயில் எடுக்கவே கூடாது. 2019இல் மேரி கெய்ன் என்ற ஓட்டப்பந்தய வீராங்கனை, எடையைக் குறைக்கச் சொல்லித் தன் கோச் தன்னைச் சிதைத்ததை வெளியே சொன்ன பிறகு இந்தத் துறையே மாறிவிட்டது. மாறியது நல்லதுதான், நானும் ஊரில் அப்படிப் பேசியவன். கேட்காமல் தோளைத் தொட்டுக் கை வீச்சைத் திருத்துவதும், தாமதமாக வந்ததற்கு நாலு ரவுண்டு ஓடவிடுவதும் கூடாது. டிவிஷன் 1, 2 கல்லூரிகளில் பயிற்சிக்கு சீசனில் வாரம் 20 மணி நேரம்தான், ஒரு நாள் கட்டாய ஓய்வு.

அண்ணா, விவரமாகச் சொன்னதுக்கு நன்றி. மனைவிக்கு ஐ-140 இப்போதுதான் போட்டிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? ஊரிலிருந்து நல்ல ஓட்டக்காரர்களைக் கொண்டு வர முடியும் என்று சொன்னால் அது எனக்கு பலமாக இருக்குமா?

எல்லா விளையாட்டு, எல்லா மட்டமும் சேர்த்துக் கோச்சுகளின் நடு வருமானம் வருடத்துக்கு 45 ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கிறது. சின்னக் கல்லூரி அசிஸ்டென்டுக்கு அதற்கும் கீழே, பாதிப்பேர் பகுதி நேரம். மருத்துவக் காப்பீடு மனைவி பக்கம் இருக்கிறதென்றால் தாக்குப்பிடிக்கலாம். அரசுப் பல்கலைக்கழகச் சம்பளங்கள் பொதுத் தகவல், இணையத்தில் தேடினால் பெயரோடு கிடைக்கும். வெட்கப்படாமல் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: ஆமாம், பலம்தான், கவனமாகப் பயன்படுத்தினால். டெல்லித் தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கர் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018இலும் 2022இலும் உயரம் தாண்டுதலில் என்.சி.ஏ.ஏ. பட்டம் வாங்கினார். சென்னைப் பெண் கிருஷ்ணா ஜெயசங்கர் லாஸ் வேகஸில் படித்துக்கொண்டே குண்டு எறிந்தார். கோச்சுகளிடம் பேசும்போது இந்தப் பெயர்களைச் சொல்லலாம். தொலைதூர ஓட்டத்தில் மட்டும் கென்யாவிலிருந்து வருகிறவர்களோடு நம் பிள்ளைகள் மோத வேண்டியிருக்கும், அதை மறைக்காதீர்கள். பெற்றோரிடம் "முழு ஸ்காலர்ஷிப்" என்று வாய் விடாதீர்கள். அவர்களிடம் பத்து ரூபாய் வாங்கினாலும் கோச் என்ற பெயர் போய் ஏஜென்ட் என்று ஆகிவிடும், திரும்பி வராது.

ஐ-140 அங்கீகாரமாகி இ.ஏ.டி. வருகிற வரை பார்வையாளராக இருங்கள், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அடுத்த சனிக்கிழமை உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கிராஸ் கன்ட்ரி போட்டி இருக்கிறது, எங்கள் அணியும் வருகிறது. அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள், முதல் ஐந்து பேரின் இடத்தைக் கூட்டி, குறைந்த புள்ளி எடுத்த அணி ஜெயிக்கும். காலை ஏழரைக்குக் கூடாரத்துக்கு வாருங்கள், மூன்று கோச்சுகளை அறிமுகப்படுத்துகிறேன். மழை என்று சொல்கிறார்கள், பழைய ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.