புதுப்பிப்பு: மகனீசியக் கலப்புலோகம், ஐதரசன் கணக்கு எகிறியது ஏன் (தீர்ந்தது)

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: மகனீசியம் அரியும்போது ஐதரசன் வெளிவரும், அதன் கனவளவிலிருந்து அரிந்த அளவைக் கணிக்கலாம். எலும்புப் பொருத்திக்கான டபிள்யூ ஈ 43 என்ற மகனீசியக் கலப்புலோகத் துண்டுகளை 37 பாகையில் உடற்திரவ மாதிரிக் கரைசலில் இட்டால், ஐதரசன் கனவளவிலிருந்து கணித்த அரிப்பு, துண்டை நிறுத்துக் கண்ட எடை இழப்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக நின்றது.

சிலர் சொன்னபடி கரைசலின் அளவைக் கூட்டியதால் பீஎச் (காரத்தன்மை) ஏற்றம் அடங்கியது, ஆனால் இடைவெளி அப்படியே. "அமுக்கத்தைப் பாருங்கள்" என்றவர் சொன்னதே சரி. 1 மில்லிலீற்றர் ஐதரசனுக்கு 1.085 மில்லிகிராம் மகனீசியம் என்பது 0 பாகைக்கும் கடல்மட்டத்துக்கும் உரியது. நான் அளக்கும் நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அமுக்கம் சுமார் 81 கிலோபஸ்கால். ஐதரசனைச் சேர்க்கும் அளவி 18 பாகையில் இருக்க, நீராவிக்கு 2 கிலோபஸ்கால் கழித்தால் 0.79 மில்லிகிராம்தான். இப்போது ஐதரசன் கணக்கு சற்றுக் குறைவாகவே வருகிறது. கொஞ்சம் கரைசலிலேயே கரைந்துவிடும், அது இயல்பு.

கவனம்: வானிலைச் செயலி காட்டும் 1012 எக்டோபஸ்கால் (101.2 கிலோபஸ்கால்) கடல்மட்டத்துக்குத் திருத்தியது. அதைப் போட்டால் பிழை திரும்ப வரும். போன் அமுக்கமானியின் நேரடி வாசிப்பை எடுங்கள்.

எதிர்பாராதது: நிறுக்குமுன் அரிப்புப் படிவை நீக்கக் குரோமிக்கமிலத்தில் கழுவியபோது அரிக்காத வெற்றுத் துண்டும் எடை இழந்தது. ஒட்டியிருந்த குளோரைட்டுதான் காரணம். லீற்றருக்கு 200 கிராம் குரோமியம் மூவொட்சைட்டுடன் 10 கிராம் வெள்ளி நைத்திரேற்று சேர்த்ததும் நின்றது. குரோமிக்கமிலம் புற்றுநோய்க் காரணி; கையுறை, புகைக்கூண்டு கட்டாயம்.