அம்மாவின் சோறும் என் கலோரிக் கணக்கும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு இனிப்புநீர் (நீரிழிவு), மாத்திரை எடுக்கிறார். அவர் சாப்பாட்டைக் கைப்பேசியில் கலோரி ஆப்பில் பதிவது என் வேலை.

முதல் நாள் அவர் தட்டுச் சோற்றை நிறுத்தேன்: 200 கிராம். ஆப்பில் 'வெள்ளை அரிசி' என்று மேலே வந்ததைத் தொட்டு 200 போட்டேன். 720 கலோரி காட்டியது. பயந்துபோய் மறுநாளே சோற்றைப் பாதியாக்கிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்தே, போட்டதைச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். மூன்றாம் நாள் சாயங்காலம் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, நெற்றி வேர்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சீனித்தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார்.

கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) ஆப்பை வாங்கிப் பார்த்தார். "தம்பி, நிறுத்தது சோறு. போட்டிருப்பது அரிசிக் கணக்கு" என்றார். அரிசி 100 கிராமுக்குச் சுமார் 360 கலோரி. வெந்தால் தண்ணீரை இழுத்து இரண்டரை, மூன்று மடங்கு கனக்கும். அதனால் 100 கிராம் சோற்றுக்கு 130தான். அம்மா சாப்பிட்டது வெறும் 260. இன்னும் மனசு ஆறவில்லை.

கப் அளவையும் விட்டுவிட்டேன். ரைஸ் குக்கர் கப் 180 மில்லி, அமெரிக்கக் கப் 240. இப்போது எல்லாமே கிராம்தான்.

தேத்தண்ணிக்கும் அப்படித்தான். தம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, அம்மாவை வழக்கம்போல் கட்டிப்பால் (டின்னில் வரும் இனிப்புப் பால்) போடச் சொன்னேன். கரண்டியிலிருந்து மெல்ல வழிந்து இறங்கியது. இரண்டாவது கரண்டி முடிந்தபோது தராசில் 46. நான் இத்தனை நாளும் இரண்டு கரண்டி, 30 கிராம் என்று பதிந்திருந்தேன். கரண்டிக்கு 15 மில்லி என்பது தண்ணீருக்குச் சரி. கட்டிப்பால் அதே அளவில் 20 கிராம் நிற்கும், குவிந்தால் இன்னும் கூட. 46 கிராமுக்கு 150 கலோரி கிட்ட வரும்.

மறுமொழி:
தம்பி, அம்மா இப்போது நலமா? நான் பிஸ்கட் பாக்கெட்டில் 900 என்று பார்த்து, பிள்ளைகளுக்கு வாங்குவதையே நிறுத்தியிருந்தேன். அது கலோரி இல்லை, கிலோஜூல் என்ற வேறு அலகாம். 4.184ஆல் வகுத்தால் 215 கலோரிதான்.

மறுமொழி:
நலம், அக்கா. சோறு பழைய அளவுக்கே வந்துவிட்டது. அந்தப் பாக்கெட்டை இன்னொரு தடவை பாருங்கள்: 100 கிராமுக்கு ஒரு வரிசை, ஒரு வேளைக்கு ஒரு வரிசை இருக்கும். நீங்கள் பார்த்த 900 எந்த வரிசையில்?