சமாளிப்பு மதிப்பெண்ணுக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் தொடர்பே வரவில்லை, எங்கே சிக்கல்?

கேள்வி (ஆய்வு மாணவி):
வணக்கம். டயாலிசிஸ் நோயாளிகளிடம் பிரீஃப் கோப் (கஷ்டத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கும் படிவம்), பிஹெச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் 9 கேள்விப் படிவம்), உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வி வாழ்க்கைத் தரப் படிவம் மூன்றையும் நிரப்பி வாங்கியிருக்கிறேன். பிரீஃப் கோப்பின் 28 விடைகளையும் கூட்டிப் பார்த்தால் வாழ்க்கைத் தரத்தோடு தொடர்பு கிட்டத்தட்ட பூஜ்யம். மனச்சோர்வுக்கோ மிக வலுவான தொடர்பு. சமாளிப்பு முறைகளால் பயனில்லை என்று எழுதிவிடலாமா?

பதில் 1:
தயவுசெய்து வேண்டாம். பிரீஃப் கோப்புக்கு மொத்த மதிப்பெண் கிடையாது. 1997இல் உளவியலாளர் கார்வர் அதை 14 பிரிவுகளாக, பிரிவுக்கு 2 கேள்வியாக அமைத்தார். ஏற்றுக்கொள்வதும் தன்னையே பழித்துக்கொள்வதும் எதிரெதிர் திசையில் இழுப்பவை. கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பிரிவுவாரியாகப் (2 முதல் 8 வரை) பாருங்கள். 14 சோதனையில் ஒன்றிரண்டு தற்செயலாகவே புள்ளியியல்படி ‘பொருட்படுத்தத்தக்கது’ என்று வந்துவிடலாம், கவனம்.

எதைச் சமாளிப்பது பற்றிக் கேட்டீர்கள் என்பது அதைவிட முக்கியம். தண்ணீர்க் கட்டுப்பாடு நோயாளியின் கையில் இருக்கிறது: அன்றைய அளவை ஒரே பாட்டிலில் பிடித்து வைப்பது, தினமும் எடை பார்ப்பது போன்ற திட்டமிடல் அங்கே பலிக்கும். வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு இருக்க வேண்டியது அவர் கையில் இல்லை. அதோடு மல்லுக்கட்டினால் சோர்வுதான் மிஞ்சும். ஏற்பும், மனம்விட்டுப் பேச ஒரு ஆளும்தான் உதவும். நோயை ஏற்க மறுப்பதுகூட முதல் சில நாட்கள் அதிர்ச்சியைத் தாங்க உதவலாம். மாதக்கணக்கில் நீடித்தால் சிகிச்சை தவறும்.

பதில் 2:
அந்த வலுவான தொடர்பை அப்படியே நம்பாதீர்கள். பிஹெச்க்யூ-9 தூக்கம், களைப்பு, பசி மூன்றையும் கேட்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மனச்சோர்வே இல்லாமலும் இவை இருக்கும். வாழ்க்கைத் தரப் படிவமும் தூக்கத்தையும் தெம்பையும் கேட்கிறது. அதன் 26ஆவது கேள்வி நேரடியாகவே மனச்சோர்வு, பதற்றம் பற்றியது. ஒரே விஷயத்தை இரண்டு முறை அளந்தால் தொடர்பு வராமல் எப்படி இருக்கும்?

அந்தப் படிவத்தில் எண் கூடினால் நிலை மோசம் என்று பொருள்படும் 3, 4, 26 ஆகிய கேள்விகளைத் திருப்பி மதிப்பிட்டீர்களா? சமூக உறவுப் பகுதியில் மூன்றே கேள்விகள். பாலுறவு பற்றியதைப் பலர் விட்டுவிடுவார்கள். இரண்டு விடை இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் போடக்கூடாது.

கேள்வி கேட்டவர்:
திருப்பிவிட்டேன். தரவு சேகரித்தாயிற்று, இனி பிஹெச்க்யூ-9ஐ மாற்ற முடியாதே?

பதில் 2:
மாற்ற வேண்டாம். ஆர்வமின்மை, மனத்தளர்வு என்ற முதல் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்து ஒரு முறை, வாழ்க்கைத் தரப் படிவத்தின் 26ஆவதை நீக்கி ஒரு முறை கணக்கிட்டு, எல்லா முடிவுகளையும் காட்டுங்கள். அடுத்த ஆய்வுக்கு உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்த ஹாட்ஸ் படிவம் பொருத்தம் (14 கேள்வி, பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7). ஒரே முறை எடுத்த தரவில் எது காரணம், எது விளைவு என்று சொல்லவும் முடியாது.

பதில் 3:
கணக்கை விட அவசரமான ஒன்று. பிஹெச்க்யூ-9இன் கடைசிக் கேள்வி சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எந்த விடை வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், நோயாளி வீட்டுக்குக் கிளம்பும் முன் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள், மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். இதுவரை வாங்கிய படிவங்களையும் இன்றே புரட்டிப் பாருங்கள்.