மகளின் மண்டையோட்டு விரிசல் கூடாமல் அகலமாகிறது: எங்கே காட்டலாம்?

மகளுக்கு 14 மாதம். மூன்று மாதத்துக்கு முன் மாடிப்படியில் உருண்டு விழுந்தாள். சி.டி. ஸ்கேனில் தலையின் வலப்பக்க எலும்பில் நீளமான விரிசல். தானே கூடிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கூடிவிடுமாம். இவளுக்குக் கூடவில்லை. அந்த இடம் மெத்தென்று புடைத்திருக்கிறது; அழுதால் எழும்புகிறது, விரல் வைத்தால் நாடிபோலத் துடிக்கிறது. வலிப்பு, வாந்தி இல்லை. இடது கையால் மட்டும் பொம்மையைப் பிடிக்கத் தயங்குகிறாள்.

புதிய எக்ஸ்ரேயில் விரிசல் அகன்றிருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் அடியிலுள்ள மூளையுறை கிழிந்திருப்பது தெரிந்தது. காத்திருந்தால் ஆறாது, உறையைச் சரிசெய்து எலும்பை மூட வேண்டும் என்கிறார்கள். ஆனால் போன இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள்.

திண்டுக்கல்லில் இருக்கிறோம், மதுரை, வேலூர், சென்னை எங்கும் வருவோம். இவ்வளவு சிறிய குழந்தைக்கு இந்த அறுவை சிகிச்சை செய்த பெற்றோர், எந்த மருத்துவமனையில் செய்தீர்கள்?