‘ஜெல்கோட்’ என்பதற்குச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

சேலத்திலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கண்ணாடியிழைப் படகுகளைப் பழுதுபார்க்கும் இளைஞர்கள் ஆறு பேருக்குச் சேலத்தில் மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காட்டில் கூட்டம் ஏறுவதற்குள் மலைமேல் இருக்கும் மிதிபடகுகள் நீரில் இறங்கிவிட வேண்டும். அதற்காக எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய அது, ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது: கண்ணாடியிழைப் படகின் வெளிமுகமாக நிற்கும் பிசின் அடுக்கான ‘ஜெல்கோட்’டுக்குத் தமிழ்ப் பெயர்.

சென்ற ஆண்டுக் குறிப்பில் ஜெல்கோட்டை ‘மேற்பூச்சு’ என்று எழுதிவிட்டேன். படகுத்துறை மேடையில் முட்டி முட்டி, முன்முனையில் நட்சத்திரம் போல விரிசல் விட்டிருந்த ஒரு படகை மாணவர் ஒருவர் எடுத்துக்கொண்டார்; குறிப்பில் உள்ளபடியே தேய்த்தார், துடைத்தார், பிறகு கடைக்குப் போய் எனாமல் பெயிண்ட் வாங்கிவந்து பூசினார். நான்கு மாதத்தில் அது வெங்காயச் சருகைப் போல உரிந்துவந்தது. அடியில் இழை வெளுத்து, நகத்தால் கீறினால் ஈரம் கசிந்தது. மேற்பூச்சு என்று படித்தவர் பெயிண்ட் வாங்கியதில் அவர் பிழை எதுவும் இல்லை. சொல்தான் பிழை.

ஜெல்கோட் கடைசியில் பூசப்படுவதன்று. படகை வார்க்கும் அச்சின் உட்புறத்தில் மெழுகு தேய்த்து, அதன்மேல் முதன்முதலாக ஏற்றுவது, நிறமி கலந்த இந்தப் பாலியெஸ்டர் பிசினைத்தான். கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அது இறுகத் தொடங்கிய பிறகே, பட்டறையில் ‘மேட்’ என்று நாம் சொல்லும் கண்ணாடியிழைப் பாயும் பிசினும் அடுக்கடுக்காக அதன் முதுகில் ஏறுகின்றன. அச்சிலிருந்து படகைப் பிரித்தெடுக்கும்போது, முதலில் பூசியது வெளிமுகமாகி, உடலோடு உடலாக ஒட்டி நிற்கிறது. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஆத்தூரிலிருந்து:

ஐயா, வடசொல்லையே வடவெழுத்து நீக்கித்தான் எடுக்க வேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதித்திருக்க, ‘ஜெல்கோட்’ என்பதை அப்படியே எழுதலாம் என்று எவரேனும் தொடங்கும் முன் என் முன்மொழிவை வைத்துவிடுகிறேன். ஜெல் என்பது களி. ஆகவே ‘களிப்பூச்சு’ என்பது நேரான பெயர். அதைவிடச் சிறந்தது, மரக்கலத்தில் நீர் புகாமல் அடைக்கும் வேலைக்கு நம்மிடம் முன்பே இருக்கும் ‘கலப்பற்று’. கலம், பற்று என இரண்டும் தமிழ். தலைவலிக்குச் சுக்கை இழைத்து நெற்றியில் ‘பத்து’ப் போடுகிறோமே, அது ‘பற்று’தான், செவ்வாய்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் வளையத்தைப் பற்றவைப்பதும் இதே வேர்தான். ‘கலப்பற்று’ போர்த்துகீசியரின் ‘கலஃபாத்தே’ என்பதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. பற்று என்னும் வினை நம் மொழியில் இவ்வளவு ஆழமாக வேரோடியிருக்க, கடன் கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பேன்.

மேட்டூரிலிருந்து:

ஆத்தூர் ஐயாவை மதித்தே மறுக்கிறேன். நம் பக்கத்தில் களி என்றால் கேழ்வரகுக் களி; தகரத்தின்மேல் ‘களிப்பூச்சு’ என்று எழுதினால் பிள்ளைகள் மனத்தில் எழுவது துடுப்பும் பானையும்தான். கலப்பற்றோ, பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இணைப்பில் நாரையும் பிசினையும் திணித்து அடைக்கும் வேலை. வார்த்தெடுத்த படகில் பலகையும் இல்லை, அப்படி அடைக்க வேண்டிய இணைப்பும் இல்லை.

எங்கள் குடும்பம் காவிரியில் பரிசல் போட்ட குடும்பம். மூங்கிலைப் பின்னி, பாட்டனார் காலத்தில் மாட்டுத்தோலைப் போர்த்தினார்கள். பின்னர் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்தன. அன்று நீரைத் தடுத்தது தோல். இன்று ஜெல்கோட் செய்வதும் அந்த வேலையைத்தான். ‘பிசின்தோல்’ என்று சொல்லிப் பாருங்கள்.

சேலத்திலிருந்து:

மேட்டூர் நண்பருக்கு நன்றி. நேற்றிரவு கையேட்டின் ஒவ்வொரு வரியிலும் இச்சொல்லை வைத்துப் பார்த்தேன். விரிசல், சுருக்கம், நீர் உள்ளே ஊறி எழும் கொப்புளம் (குத்தினால் காடி நெடியோடு நீர் வருமே, அது) என்று பட்டறையில் நாம் சொல்பவை எல்லாம் தோலுக்கு உரிய சொற்களாகவே இருக்கின்றன. மறுபடியும் யாரும் பெயிண்ட் வாங்க மாட்டார்கள்.

ஆனால் ஐந்தாம் பக்கத்தில் தடுக்குகிறது. ‘விரிசலை ஆப்பு வடிவில் திறந்து, அசிட்டோனால் துடைத்து, 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் ஹார்டனர் (பிசினை இறுகவைப்பது) கலந்த பிசின்தோலை அதில் நிரப்புக.’ தோலை எப்படி நிரப்புவது? தகரத்தில் குழம்பாக இருப்பதும் படகில் இறுகி நிற்பதும் ஆங்கிலத்தில் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. தமிழ் வினை அதற்கு இடம் தரவில்லை. இங்கேதான் ஆத்தூர் ஐயாவின் ‘பற்று’ கைகொடுக்கிறது: குழைத்து அப்புவது பற்று, இறுகி நிற்பது தோல். ‘பற்றை மட்டத்துக்குச் சற்று மேலாக அப்பி, காற்றுப் படாமல் பாலித்தீன் தாளால் மூடுக’ என்ற வரியை மாணவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். ‘காற்றுப் பட்டால் முகம் பிசுபிசுவென்றே நின்றுவிடும், அதற்குத்தானே?’ என்று நான் விளக்குவதற்கு முன்பே கேட்டார். 400ஆம் எண்ணில் தொடங்கி 1200 வரை வாட்டர் பேப்பர் (நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போடும் பகுதியிலும், வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கும் மலைக் காலைகளில் கலக்கக் கூடாது என்னும் எச்சரிக்கையிலும் சிக்கல் எதுவும் இல்லை.

ஆத்தூரிலிருந்து:

பற்றை ஏற்றமைக்கு மகிழ்ச்சி. ஆயினும் ‘பிசின்தோல்’ என்று புணர்ச்சியில்லாமல் எழுதுவதை ஏற்க இயலாது. பொன்னும் தாமரையும் சேர்ந்தால் பொற்றாமரை; பிசினும் தோலும் சேர்ந்தால் ‘பிசிற்றோல்’. பிசின், பிசுக்கு, பிசுபிசுப்பு என நீளும் சொற்குடும்பத்தின் அழகு இலக்கணத்தோடு நிற்கட்டும்.

சேலத்திலிருந்து:

ஐயா, விதி சரி. ஆனால் ‘பிசிற்றோல்’ என்று படிக்கும் தொழிலாளியின் காதில் விழுவது ‘பிசிறு’. விளிம்பில் நீட்டி நிற்கும் பிசிறைத் தேய்த்து நீக்கச் சொல்லும் அதே பக்கத்தில், காப்பாற்ற வேண்டிய தோலுக்கும் அந்த ஒலி வந்தால், அவர் தேய்த்தே எடுத்துவிடுவார். ‘மின்தடை’ என்று பள்ளிப் பாடநூலில் பிரித்தே எழுதிப் பழகியிருக்கிறோம். அந்த வழியில் இதையும் விட்டுவிடக் கோருகிறேன்.

மறுமொழி தந்த எழுவரில் நால்வர் பிசின்தோலுக்கு இசைந்திருக்கிறார்கள். இருவர் ஜெல்கோட்டே போதும் என்கிறார்கள். கடையில் கேட்டு வாங்க வேண்டியிருப்பதால் முதற்பக்கத்தில் ஒருமுறை ‘ஜெல்கோட்’ என்று சொல்லி, பின்னர் பற்று, பிசின்தோல் என்றே எழுதிக் கோப்பை இன்று மாலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

ஆத்தூரிலிருந்து:

அனுப்புங்கள். புணர்ச்சி குறித்த என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். மேட்டூர்த் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: பரிசலுக்குத் தோல் போர்த்திய காலத்தில் அதன் தையல் வாயை எதைக்கொண்டு அடைத்தார்கள், அதற்கு வீட்டில் என்ன பெயர் வழங்கினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அங்கே ‘பற்று’ என்ற சொல் இருந்தால், இந்த உரையாடலை மீண்டும் திறப்பேன்.