வீட்டு உப்பு-சர்க்கரைக் கரைசல்: உப்பு அரைத் தேக்கரண்டியா, ஒரு தேக்கரண்டியா?

வெண்மணல் (கேள்வி):

வயிற்றுப்போக்கு நேரத்தில் கையில் ஓஆர்எஸ் (நீர்க்குறைவை ஈடுகட்டக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட் இல்லாவிட்டால் வீட்டிலேயே கரைத்துக் கொடுக்கும் நீரைப் பற்றித்தான் கேட்கிறேன். ஒரு குறிப்பில் 1 லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, 6 தேக்கரண்டி சர்க்கரை. இன்னொன்றில் ஒரு தேக்கரண்டி உப்பு, 8 தேக்கரண்டி சர்க்கரை. மூன்றாவதில் "ஒரு சிட்டிகை, ஒரு கைப்பிடி" என்பதோடு சரி. உப்பு இரண்டு மடங்கு மாறுவது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. எதை நம்புவது? சர்க்கரைக்குப் பதில் குளுக்கோஸ் பவுடர் போடலாமா? சர்க்கரை நோயாளிக்கு என்றால் செயற்கை இனிப்பு போதுமா? சமையலறைத் தராசில் 3 கிராம் உப்பை நிறுத்தால் ஒருமுறை 2 காட்டுகிறது, அடுத்தமுறை 4 காட்டுகிறது. அதற்கு என்ன வழி?

துல்லியத்தராசு:

முதல் குறிப்புதான் சரி. கொதிக்கவைத்து ஆறிய நீர் 1 லிட்டர், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. தேக்கரண்டி என்பது 5 மி.லி. அளவுக்கரண்டி. காபி கலக்கும் கரண்டி வீட்டுக்கு வீடு மாறும், அதை நம்ப வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். பொடியுப்பு அரைத் தேக்கரண்டி சுமார் 3 கிராம். லிட்டருக்கு 51 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) சோடியம் வரும். 6 தேக்கரண்டி சர்க்கரை ஏறத்தாழ 25 கிராம். அது குடலில் உடைந்து 73 மில்லிமோல் குளுக்கோஸும் அதே அளவு ஃப்ரக்டோஸும் ஆகும். எல்லாம் சேர்ந்து கரைசலின் செறிவு, அதாவது லிட்டரில் கரைந்த மொத்தத் துகள்களின் அளவு, 250 மில்லி ஆஸ்மோல் பக்கம் நிற்கும். நம் ரத்தத்தின் செறிவு 290 அளவில் இருப்பதால் நீர் குடலிலிருந்து உடம்புக்குள் போகும். இரண்டாவது குறிப்பில் சோடியம் 100ஐத் தாண்டுகிறது, மொத்தச் செறிவு 400ஐத் தொடுகிறது. அப்போது நீர் எதிர்த்திசையில், உடம்பிலிருந்து குடலுக்குள் வரும். போக்கு கூடும், குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். கைப்பிடி, சிட்டிகை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். அதை ஓர் அளவாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சர்க்கரை ருசிக்காகப் போடுவது இல்லை. குடல் சுவரில் சோடியத்தை உள்ளே இழுக்கும் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் வந்தால்தான் அது இரண்டு சோடியத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். நீர் அவற்றின் பின்னாலேயே போகும். காலராவில் மற்ற வழிகள் கெட்டுப்போனாலும் இந்த வழி வேலை செய்யும். அதனால்தான் செயற்கை இனிப்பு உதவாது: நாக்குக்கு இனிக்கும், ஆனால் குளுக்கோஸ் இல்லை. சர்க்கரை நோயாளிக்கும் வயிற்றுப்போக்கு வந்தால் சர்க்கரை போட்ட கரைசல்தான். ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை, இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

குளுக்கோஸ் பவுடர் போடலாம், ஆனால் சர்க்கரையைவிடக் குறைந்த எடையில் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002இல் மாற்றிய கலவை லிட்டருக்கு இது: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம், செறிவு 245. அதற்கு முந்தைய கலவை 311 இருந்தது. சோடியத்தையும் குளுக்கோஸையும் குறைத்ததும் மலத்தின் அளவும் வாந்தியும் குறைந்தன. ஆகவே குளுக்கோஸ் பவுடர் என்றால் 13.5 முதல் 15 கிராம் போதும். 25 கிராம் போட வேண்டாம். உப்பு சேர்க்காமல் குளுக்கோஸை மட்டும் கரைத்தால் அது ஓஆர்எஸ் ஆகாது.

தராசுக்கு ஒரு வழி உண்டு. 1 கிராம் துல்லியமுள்ள தராசு 3 கிராமில் தடுமாறத்தான் செய்யும், 30 கிராமில் தடுமாறாது. 30 கிராம் உப்பை நிறுத்து, நீர் ஊற்றி 500 மி.லி. கோடு வரை நிரப்பிக் கரையுங்கள். அதில் 50 மி.லி. எடுத்தால் சரியாக 3 கிராம் உப்பு. லிட்டர் பாத்திரத்தில் அந்த 50 மி.லி.யையும் 25 கிராம் சர்க்கரையையும் போட்டு, மீதியை நீரால் 1 லிட்டர் கோடு வரை நிரப்புங்கள். உப்புக் கரைசல் பாட்டிலில் "குடிக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி, எட்டாத இடத்தில் வையுங்கள்.

பத்து லிட்டருக்கான உப்பையும் சர்க்கரையையும் ஒரே டப்பாவில் கலந்துவைத்து, வேண்டும்போது கரண்டியால் எடுப்பது பெரிய தப்பு. உப்புப் பொடி சிறியது, சர்க்கரைப் பரல் பெரியது. டப்பாவை நாலு தடவை ஆட்டினால் சிறியது அடியில் இறங்கிவிடும். மேலே எடுப்பவருக்கு வெறும் இனிப்பு, கடைசியில் எடுப்பவருக்கு உப்பு. லிட்டருக்கு ஒரு பொட்டலமாகத் தனித்தனியே கட்டிவையுங்கள். பரல் பெரிய உப்பு என்றால் கரண்டியில் இடைவெளி விழுந்து எடை குறையும், பொடித்துவிட்டு அளக்கலாம்.

இரவுப்பணி:

அளவு சரியாக இருந்தும் கொடுக்கும் முறையில் கெட்டுப்போவதுதான் அதிகம். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் ஊற்றினால் குழந்தை வாந்தி எடுக்கும், "ஓஆர்எஸ் ஒத்துக்கவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, பிறகு 2-3 நிமிடத்துக்கு ஒரு கரண்டி. 5 மி.லி. சிரிஞ்சு (ஊசி இல்லாமல்) வசதியானது: கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடுங்கள், தொண்டையை நோக்கிப் பீய்ச்ச வேண்டாம். 2 நிமிடத்துக்கு 5 மி.லி. என்றாலே மணிக்கு 150 மி.லி. உள்ளே போய்விடும்.

நீர்க்குறைவு தெரியாத குழந்தைக்கு, ஒவ்வொரு முறை தண்ணீராகப் போனபிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி. 10 வயதுக்கு மேல் கேட்கிற அளவு. கண் குழிந்து, தாகத்தில் ஆவலாகக் குடித்தால் நீர்க்குறைவு தொடங்கிவிட்டது. 4 மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மி.லி. 10 கிலோ குழந்தைக்கு 750 மி.லி. இந்தக் கட்டத்தில் சுகாதாரப் பணியாளர் யாராவது பார்த்துக்கொண்டிருப்பது அவசியம்.

தோலைப் பார்க்கும் விதம்: தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில், உடம்பின் நீளவாக்கில், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு நொடி தூக்கிப் பிடித்து விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மடிப்பு கண்ணுக்குத் தெரிந்து மெல்ல இறங்கினால் நீர்க்குறைவு. 2 நொடிக்கு மேல் நின்றால் கடுமையான நிலை. வீட்டுக் கரைசலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். முதியவர்களிடமும் மெலிந்துபோன குழந்தைகளிடமும் இந்தச் சோதனை ஏமாற்றும். சோர்ந்து கிடப்பது, குடிக்க முடியாமை, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைதான்.

தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாகம் 10 முதல் 14 நாள்: நாளுக்கு 20 மி.கி., 6 மாதத்துக்குள் 10 மி.கி. கரைசலில் சர்க்கரைக்குப் பதில் தேன் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1 வயதுக்குள் தேன் வேண்டவே வேண்டாம், பாட்யூலிசம் (நரம்புகளைத் தாக்கும் கிருமி நச்சு நோய்) வரும் வாய்ப்பு உண்டு.

வெண்மணல்:

தெளிவாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. வீட்டுக் கரைசலில் பொட்டாசியமே இல்லையே, சோடியம் குறைந்த உப்பைப் போட்டால் அது சரியாகுமா? வெயிலில் ஓடி வியர்த்தவருக்கும் இதே கரைசல்தானா?

ஓட்டப்பாதை:

சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், ஆனால் விகிதம் பிராண்டுக்குப் பிராண்டு வேறு. வழக்கமான உப்பை எடுத்துவிட்டு அதை மட்டும் போட்டால் சோடியம் குறைந்துபோகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், சிலவகை ரத்த அழுத்த மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் (உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் நீர் மாத்திரை) எடுப்பவருக்கும் கூடுதல் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும். பொட்டாசியத்தை உணவில் கொடுங்கள்: நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 மி.கி. இருக்கிறது. மசித்துத் தனியாக ஊட்டினால் போதும், கரைசலில் கலக்க வேண்டாம்.

வியர்வையின் கதை வேறு. அதில் சோடியம் ஆளைப் பொறுத்து லிட்டருக்கு 20 முதல் 80 மில்லிமோல் வரை இருக்கும், பொட்டாசியம் மிகக் குறைவு. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரும் பிறகு சாப்பாடும் போதும். பல மணி நேரம் வியர்த்தால் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1 கிலோ குறைந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் வருவது இப்படித்தான். அப்போது இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து.

மறுபக்கம், விளையாட்டு வீரர்களுக்கான பான பாட்டில் வயிற்றுப்போக்குக்குப் பொருந்தாது. சோடியம் 20 மில்லிமோல் அளவு, சர்க்கரையோ 6 சதவீதம்.

துல்லியத்தராசு:

விட்டுப்போன ஒன்று. நீரைக் கொதிக்கவைத்து, ஆறியபிறகே 1 லிட்டர் அளங்கள். முதலில் அளந்தால் ஆவியாகிக் குறையும். பாக்கெட்டானால் முழுப் பாக்கெட்டையும் அதில் எழுதிய அளவு நீரில் ஒரே தடவையில் கரையுங்கள், பாதிப் பொடியைக் கண்ணளவில் பிரிக்காதீர்கள். கரைத்த நேரத்தைப் பாத்திரத்தில் எழுதி, 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிடுங்கள். வாயில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

குளிர வைத்தால் குழந்தைகள் எளிதாகக் குடிப்பார்கள். சின்னக் கட்டிகளாக உறையவைத்துச் சப்பக் கொடுக்கலாம், ஆனால் கட்டி முழுதாக உள்ளே போக வேண்டும். பாதி உறைந்த பாட்டிலிலிருந்து மட்டும் ஊற்றாதீர்கள்: முதலில் உறைவது நீர், உறையாமல் நிற்பதில் உப்பும் சர்க்கரையும் அடர்ந்திருக்கும்.