வெனிஸ்: ரோமிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா, தங்கணுமா?

மாடவீதி:
அக்டோபர் கடைசியில் அப்பா, அம்மாவோடு இத்தாலி போகிறோம். ரோமில் ஐந்து இரவு பதிவு செய்தாகிவிட்டது. வெனிஸுக்கு ஒரு நாள் போய்விட்டு இரவே திரும்புவதாகத் திட்டம். பட்டியல் போட்டு இடம் பார்ப்பதை விட, பழைய நகரத்துத் தெருக்களில் சும்மா நடக்கத்தான் ஆசை. அம்மாவுக்கு மூட்டுவலி. ஒரு நாள் போதுமா?

கல்படி:
போதாது. அதிவேக ரயிலில் போனாலும் ரோமிலிருந்து ஒரு வழிக்கு ஏறத்தாழ நாலு மணி நேரம். நீங்கள் போய் இறங்கும் பதினோரு மணிதான் கூட்டம் உச்சத்துக்கு வரும் நேரம். ரியால்தோ பாலத்துக்கும் சான் மார்க்கோ சதுக்கத்துக்கும் நடுவிலுள்ள சந்துகளில் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும். மாலை ஆறு மணிக்கு மேல் பகல் கூட்டம் ரயிலேறிவிடும். நீங்கள் தேடுகிற நகரம் அதற்கப்புறம்தான் கிடைக்கும், மறுநாள் காலை ஒன்பது வரைக்கும். ரோமில் இரண்டு இரவைக் குறைத்து, தீவுக்குள்ளேயே தங்குங்கள்.

நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேயில் அறை மலிவு, ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான். ஆனால் இரவு உலாத்தும்போது திரும்பிப் போகிற நினைப்பே வந்து கெடுக்கும். டிக்கெட் எடுக்கும்போது ‘வெனேசியா சாந்தா லூச்சியா’ என்று பார்த்து எடுங்கள். ‘வெனேசியா மெஸ்த்ரே’ கடலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும்.

படகுத்துறை:
அம்மாவுக்காக: தீவில் நானூறுக்கு மேல் பாலங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் படி. அதனால் அறையை அழகு பார்த்து எடுக்காதீர்கள், வாப்பொரெத்தோ (நீர்ப்பேருந்து) நிறுத்தத்திலிருந்து எத்தனை பாலம் ஏறி இறங்கணும் என்று கேட்டு எடுங்கள். ஒன்றுகூட இல்லாத இடங்கள் கிடைக்கும். சான் ஸ்டாயே, அக்காதெமியா நிறுத்தங்களைச் சுற்றித் தேடுங்கள்.

முகவரியில் தெருப் பெயர் இருக்காது, ‘கன்னரேஜியோ 3200’ என்கிற மாதிரிதான் வரும். எண் தெருவுக்கு அல்ல, முழுப் பேட்டைக்கும் ஓடுகிறது. அப்படி ஆறு பேட்டைகள். காலே தெல் ஃபோர்னோ என்ற பெயரில் மட்டும் பல சந்துகள் உண்டு. குறுகலான சந்தில் மேப் தடுமாறும். சுவரில் மஞ்சள் பலகையில் ‘பெர் ரியால்தோ’, ‘பெர் சான் மார்க்கோ’ என்று அம்புக்குறி இருக்கும், அதுவே போதும்.

75 நிமிஷப் படகு டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேர பாஸ் 25. மூன்று தடவை ஏறினாலே பாஸ் லாபம். ஏறுமுன் துறையிலுள்ள கருவியில் டிக்கெட்டைத் தொட்டுவிடுங்கள், காசு கட்டியிருந்தாலும் தொடாவிட்டால் அபராதம். இருட்டிய பிறகு பியாஸ்ஸாலே ரோமாவிலிருந்து (வெனிஸின் பஸ் நிலையம்) 1ஆம் எண் படகில் சான் மார்க்கோ வரை உட்கார்ந்து போங்கள், முக்கால் மணி நேரம். விளக்கெரியும் மாளிகைகளின் விட்டங்களும் ஓவியம் தீட்டிய கூரையும் தண்ணீரிலிருந்தே தெரியும். அம்மாவுக்கு இதைவிடச் சுகமான உலா கிடையாது.

கல்படி:
நடையில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். அநேகமாக ஒவ்வொரு காம்போவின் (சதுக்கம்) நடுவிலும் இரும்பு மூடி போட்ட கல் கிணற்று வாய் இருக்கும். அது ஊற்றுக் கிணறு அல்ல. சதுக்கத்தையே ஆழத் தோண்டி, களிமண் பூசி, மணல் நிரப்பி, நடுவில் செங்கல் உறை இறக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் தரையில் துளையிட்ட இரண்டோ நாலோ கற்கள் கண்ணில் படும். மழைநீர் அவற்றில் இறங்கி, மணலில் வடிகட்டி, உறைக்குள் சேரும். 1884இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் வரும்வரை ஊர் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். தரை அந்தத் துளைகளை நோக்கி லேசாகச் சரிவதைக் காலில் உணரலாம். சான் ஜாக்கொமோ தெல்லோரியோ சதுக்கத்தில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அங்கேதான் பந்தாடுவார்கள்.

மாடவீதி:
இரண்டு இரவாக மாற்றிவிட்டேன், நன்றி. அந்தச் சமயத்தில் வெள்ளம் வரும் என்கிறார்களே? ஊருக்குள் நுழையக் கட்டணமும் உண்டாமே?

படகுத்துறை:
கட்டணம் 2024இல் வந்தது. இதுவரை ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் குறிப்பிட்ட நாட்களில், பகலில் மட்டும் வந்து போகிறவர்களுக்குத்தான். அக்டோபரில் உங்களுக்கு இல்லை. ஹோட்டலில் தங்கும் வரி தனி.

அக்வா ஆல்தா (கடல் ஏறி வரும் வெள்ளம்) அக்டோபர் முதல் ஜனவரி வரை அதிகம். கடல்மட்டம் 110 செ.மீ. தொடும் என்று கணிப்பு வந்தால் கடல் நுழையும் வாய்களிலுள்ள மோசே தடுப்புக் கதவுகளை எழுப்புவார்கள். வெள்ளத்தைத் தடுக்க இவற்றை முதன்முதலாக எழுப்பியது 2020 அக்டோபரில். ஆனால் சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடம், 80-90 செ.மீ. ஆனாலே கல் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் கொப்பளிக்கும். உச்சத்திலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிந்துவிடும். நகராட்சியின் அலைக் கணிப்பை முதல் நாள் இரவே பார்த்து, அந்த நேரத்தில் கன்னரேஜியோ பக்கம் நடங்கள்.

மூட்டுவலிக்கு இன்னொன்று: அக்டோபர் கடைசியில் மாரத்தான் நடக்கும். அதற்காக ஊரின் தெற்கிலுள்ள ஸாத்தெரே கரைப் பாலங்களின் மேல் சாய்வுப் பலகை போடுவார்கள், ஓட்டம் முடிந்ததும் உடனே எடுப்பதில்லை. அம்மாவை அங்கே மாலை நாலு மணிக்கே அழைத்துப் போங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவார்கள், அதற்கப்புறம் ஐந்து மணிக்கே சூரியன் மறைந்துவிடும்.